படகின் ஸ்டீயரிங்கைக் கழற்றினேன்

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் நான் கொல்லிமலை ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தேன். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டும் மோட்டார் படகு. ஓட்டுகிறவர் முன்னால் உட்கார்ந்து, கார் போலச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். சக்கரத்திலிருந்து போகும் கேபிள் பின்னால் தொங்கும் மோட்டாரைத் திருப்பும். மலை மழைக்கு அந்தக் கேபிள் துருப்பிடித்து அடிக்கடி இறுகிவிடும். தண்ணீருக்குள் சுழலும் மோட்டார் விசிறியில் பாசி சுற்றினால் இன்னும் மோசம். பயணிகளைத் தாண்டி நான் பின்னால் போய்ச் சேர்வதற்குள் காற்று படகை நாணலுக்குள் தள்ளிவிடும்.

ஓர் ஐப்பசியில் கேபிள் அசையவே மறுத்துவிட்டது. படகைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் நாமக்கல்காரர். போனில் சொன்னேன்.

"புதுக் கேபிள் வர்ற வரைக்கும் கெடக்கட்டும் அம்மிணி. நீ போயி டிக்கெட் கிழி."

"கைப்பிடி மாட்டிக்கலாமுங்க. பின்னால உக்காந்து மோட்டாரையே புடிச்சுத் திருப்பலாம். ஷெட்ல கெடக்குற பழைய மோட்டார்ல கைப்பிடி நல்லாத்தான் இருக்குதுங்க."

"அதெல்லாம் ஆம்பளைங்க ஓட்டுறது. ஒண்ணையும் தொடாத."

இதே மலையில், வாழவந்தி நாட்டில் எங்கள் காட்டிலிருந்து மரவள்ளி மூட்டையைத் தலையில் சுமந்தே ரோட்டுக்கு வந்தவள் நான். என்னிடம் சொல்கிற பேச்சா அது?

மறுநாள் காலை, பஸ் நிற்கும் இடத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவரை அழைத்து வந்தேன். அவர் தயங்கினார். "ஏனுங்கக்கா, மொதலாளி திட்டுவாருங்க."

"திட்டு எனக்கு. ஸ்பேனர் உனக்கு. ஆரம்பி தம்பி."

துருப்பிடித்த கேபிளைத் தட்டித் தட்டி உருவவே மதியமாகிவிட்டது. வேகத்துக்கும் கியருக்கும் முன்னாலிருந்து வந்த மெல்லிய கேபிள்களையும் கழற்றினோம். பழைய மோட்டாரின் கைப்பிடியைப் போல்ட் போட்டு இறுக்கினோம். முறுக்கினால் வேகம் கூடும் பிடி அது. "பைக் ஆக்சிலேட்டரேதானுங்கக்கா!" என்று அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. மோட்டாரை அணைக்கும் சுவிட்சுக்கான ஒயரையும் கைப்பக்கத்தில் கொண்டுவந்தார்.

கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். தெரிந்திருந்தும் என் கை சக்கரத்தின் பழக்கத்தை விடவில்லை. முதல் ஓட்டத்திலேயே நாணலுக்குள் சொருகினேன். கரையில் நின்ற டிக்கெட்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வெளியே எடுத்து மறுபடி ஓட்டினேன். நான் பின்னால் உட்கார்ந்ததில் படகின் மூக்கு தூக்கிக்கொண்டது. முன்னால் மணல் மூட்டை போட்டேன். பொழுது சாய்வதற்குள் நினைத்த இடத்தில் படகு திரும்பியது.

சனிக்கிழமை குத்தகைக்காரர் மலையேறி வந்தார். ஷெட் சுவரில் சாத்தியிருந்த சக்கரத்தைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"யாரைக் கேட்டுக் கழட்டுன?"

"உங்களைத்தாங்க கேட்டேன். வேண்டாம்னீங்க. அப்புறந்தான் கழட்டுனேன். ஏறுங்க."

ஏறினார். நடு ஏரியில் பாசி சுற்றியது. மோட்டாரை அணைத்து, உட்கார்ந்த இடத்திலேயே தூக்கிச் சாய்த்து, பாசியைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அவர் பாராட்டவில்லை. இறங்கும்போது, "வர்றவங்க சக்கரத்துக்கிட்ட நின்னுதான் போட்டோ எடுக்கறாங்க. கேபிள் வந்ததும் பழையபடி மாட்டோணும்" என்றார்.

"மாட்டிக்குங்க. ஓட்டறதுக்கு வேற ஆளு பாருங்க."

கேபிள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கரையில் கூட்டம் வரிசையில் நின்றது. கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். நான் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. பிறகு அதை ஷெட்டில் வைக்கப் போனார். நான் வரிசையில் முன்னால் நின்றவர்களைக் கைகாட்டி ஏறச் சொன்னேன்.

குத்தகை முடியும் வரை அந்தப் படகைக் கைப்பிடியோடுதான் ஓட்டினேன். மோட்டாரின் அதிர்வில் சாயங்காலமானால் கை மரத்துப்போகும், சோற்றைப் பிசையவும் விரல் மடங்காது. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே சக்கரத்தை மாட்டியிருப்பார்கள்.