கணி வெள்ளரிக்கு ஒரு ஸ்பிரிங்க்ளர்

நனைந்த மண் வாசனையோடு பக்கத்துக் கிடங்கிலிருந்து குறுமிளகு நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறினால் ஒரு தும்மல் வருமே... எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுப் பின்பக்கம் போய் நின்றால் அந்தத் தும்மல் நிச்சயம்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி முதல் வருஷம். அவர் மிளகு கம்பெனியில் கிளார்க். பாலக்காட்டிலிருந்து வந்த எங்கள் இரண்டு பேருக்கும் கொச்சி புதுசு. வாடகை வீட்டுக்குப் பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவு மண், ஒரு கிணறு. குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாய்த் தண்ணீர். மற்றதற்கெல்லாம் கிணறு.

அந்த மண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. விஷுவன்று விடிந்ததும் முதலில் கண்விழித்துப் பார்க்கிற கணியில் வைக்க மஞ்சள் வெள்ளரி வேண்டுமே, அதை நாமே வளர்த்தால் என்ன?

ஆசைப்பட்டதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவுக்குக் கடிதாசும் போட்டுவிட்டேன். "இந்த வருஷம் வெள்ளரி கொடுத்தனுப்ப வேண்டாம். எங்காத்துக் கொடியிலேயே காய்க்கும். நீயும் அப்பாவும் விஷுவுக்கு இங்கே வாங்கோ."

தை மாதம் ஐந்து குழியில் விதை போட்டேன். நன்றாகத்தான் முளைத்தது. ஆனால் வாளியால் ஊற்றினால் மண் அரித்து வேர் தெரிந்தது.

"இதுக்கு ஸ்பிரிங்க்ளர்தான் சரி," என்றார் அவர். துறைமுகத் தீவில் ஏதோ பங்களாப் புல்வெளியில் பார்த்தாராம்.

சனிக்கிழமை மதியம் போட் ஏறி எர்ணாகுளம் போனோம். கடையில் மூன்று விதம் எடுத்து வைத்தார்கள். சுழல்வது ஒன்று. நின்ற இடத்திலேயே குடை மாதிரி விரிவது ஒன்று. மூன்றாவது, சாதாரணப் பூவாளி.

"தோட்டம் எத்தற பெருசு ஸாரே?" என்றார் கடைக்காரர்.

"நாலு பாய்," என்றேன் நான்.

"ஆறு இருக்கும்," என்றார் இவர்.

"பாயோ?" கடைக்காரர் முழித்தார்.

எது வாங்குவது? அவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க... ஒரு போட்டைத் தவறவிட்டோம். இரண்டாவது போட்டும் போனது. கடைசியில் சுழல்வதையே வாங்கினோம். ஏன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. பித்தளை பளபளவென்று இருந்தது, அவ்வளவுதான்.

அது சும்மா சுழலுமா? குளியலறைக் கூரைமேல் ஒரு டிரம் வைத்தார். கிணற்றில் இறைத்து, ஏணியில் ஏறி நிரப்பி, ரப்பர் குழாய் வழியே மறுபடி கீழே விட்டார்.

"ஏன்னா, இதுக்கு அப்பிடியே ஊத்தினா போராதோ?"

"பிரஷர்டீ, பிரஷர்!"

சுழன்றது! அக்கம்பக்கத்தார் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

மாசி பிறந்து பத்து நாள் இருக்கும். இலை ஓரமெல்லாம் பழுப்பாகக் கருக ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லையோ என்று இரண்டு வேளை விட்டோம். இன்னும் கருகியது. அதிகமாகிவிட்டதோ என்று குறைத்தோம். அதற்கும் கருகியது. சாணம் போட்டோம், சாம்பல் தூவினோம்... ஒன்றும் விளங்கவில்லை. இதற்கு நடுவே குளிக்கிற சோப்பு வேறு நுரைக்காமல் படுத்தியது. கடையை மாற்றி வாங்கினேன். அதுவும் நுரைக்கவில்லை!

நாலு கொடியும் போய்விட்டது. அம்மா வந்து நிற்கும்போது என்ன முகத்தோடு நிற்பேன்?

ஐந்தாவது கொடி மட்டும் பச்சென்று இருந்தது. அது அடுக்களைப் படியோரம் இருந்ததால் ஸ்பிரிங்க்ளர் எட்டாது. அரிசி களைந்த தண்ணீரை நான் அங்கேதான் கொட்டுவேன்.

"பாவம், இதுக்கும் கிட்டட்டும்," என்று அவர் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு அங்கே போனார்.

"அய்யோ, அதுக்கு வேண்டாம்!" மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சுபைதா கத்தினாள். என் வயசுக்காரி, பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மனைவி. "அந்தத் தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தீங்களா?"

வைத்துப் பார்த்தோம். உப்பு! குழம்புக்கு உப்புப் போட வேண்டாம், அப்படி ஓர் உப்பு.

"மாசி வந்தா இங்க கெணறெல்லாம் உப்பாக்கும். காயல் தண்ணி உள்ள ஏறுமில்ல? எல்லாருக்கும் தெரியுமே."

"அடிப்பாவி, அப்போ ஏன் சொல்லலை?"

"அந்தச் சுத்துற சாமான் உப்பை எடுத்துடும்னு நெனச்சோம். இல்லாட்டி யாராச்சும் இலை மேல உப்புத் தண்ணி தெளிப்பாங்களா?"

அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு அந்த ஒரு கொடிக்குத் தெருக்குழாயிலிருந்து இடுப்புக் குடத்தில் சுமந்தேன். ஒரே ஒரு காய். கைப்பிடி அளவு, பாதி மஞ்சள், பாதி பச்சை. விஷுக் காலையில் அம்மாவின் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து கணி முன்னால் நிறுத்தினேன். கண்ணைத் திறந்தாள்.

"காய்ச்சுடுத்தேடீ!" என்றாள்.

அவர்கள் ஊருக்குப் போன மறுநாள் அரிசிப் பானைக்குள் கையை விட்டால் ஏதோ தட்டுப்பட்டது. பாலக்காட்டு வெள்ளரி! தங்கம் போல, முழங்கை நீளம். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தவள், என் காயைப் பார்த்ததும் மூச்சுவிடாமல் ஒளித்துவிட்டாள். அன்றைக்கு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது கொச்சியிலேயே தேவராவில் மகன் வீட்டில் இருக்கிறேன். மொட்டை மாடியில் இருபது தொட்டி வைத்திருக்கிறான். போன வாரம் போனை என் கையில் கொடுத்து, "எந்த ஸ்பிரிங்க்ளர் வாங்கலாம், அம்மா?" என்றான். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது... டைமர் வைத்தது, எட்டுத் திசையிலும் அடிப்பது, தானே நிற்பது. மூன்றுக்கே இரண்டு போட்டை விட்டவள் நான். "பிரஷர்டீ" என்று சொல்ல அவரும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் யார் என்றும் தெரியாது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடிக் குழாயைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். மகன் ஒன்றும் புரியாமல் பார்த்தான்.

"உப்பில்லை. எது வேணும்னாலும் வாங்கிக்கோ," என்றேன்.