உதட்டில் படாத கப்

போன மாதம் ஒரு பெரிய ஆபீசர், என் கப்பில் இருந்த டீயைத் தன் மூக்கில் ஊற்றிக்கொண்டார்.

நான் ஊற்றவில்லை. அவரே ஊற்றிக்கொண்டார். ஆனால் கப் நான் செய்தது. ஆகவே திண்டிவனம் முழுக்க இன்றைக்கு நான்தான் ஊற்றினேன் என்று பேச்சு. பஸ் ஸ்டாண்டில் முகம் தெரியாத ஆட்கள்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை தெரியுமா?

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நேராகப் பேசவும் வராது... அது வேறு விஷயம்.

ஏரிக்கரைப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு வைத்திருந்த பழைய கிடங்கு ஒன்று இருக்கிறது. அதைச் சர்க்கார் வாடகைக்கு எடுத்து, பெரியவர்களுக்குப் பீங்கான் சாமான் செய்யக் கற்றுத் தருகிறார்கள். சாயங்கால கிளாஸ். சக்கரம் சில, சூளை ஒன்று, டீச்சர் ஒருவர். பெயர் ஸ்டெல்லா. பாண்டிச்சேரிக்காரர். எங்கள் எல்லோரையும்விடச் சின்னவர். ஆனால் கூன் போட்டு உட்கார்ந்தால் அதட்டுவார். மீசை நரைத்த ஆட்கள், "சரிங்க டீச்சர்" என்று நிமிர்ந்துகொள்வோம்.

எனக்கும் பீங்கானுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பஞ்சர் ஒட்டுவது சுலபம். ஒட்டி முடிக்கும் வரை வண்டிக்காரர் பேசுவாரே - அதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். தெரிந்தவர் எதிரே வந்தால் எதிர்வாடைக்கு மாறிவிடுகிற ஆள் நான்.

களிமண்ணில் அந்த வம்பு இல்லை. இரண்டு கையும் சேறு. கண் சக்கரத்தில். யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. தலையாட்டினால் போதும். இந்த வயதில்தான் எனக்கு முதன்முதலாகச் சிநேகிதர்கள் கிடைத்தார்கள் - அதுவும் பேசாமலே!

அதில் இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன்.

கோவிந்தசாமி. ரயில்வேயில் தண்டவாளம் மாற்றி வழி விடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். மருமகளுக்குப் பயந்து தினமும் முதல் ஆளாக வந்துவிடுவார். கேட்டால் கலை ஆர்வம் என்பார்.

அஞ்சலை. மல்லாட்டை மில்லில் வேலை. ஊருக்கு வெளியே இருக்கிற காலனியிலிருந்து வருகிறாள். பெண்களும் சேரலாம் என்று டீச்சர் தெருத்தெருவாகச் சொல்லிப் பார்த்தார். எங்கள் தெருக்களிலிருந்து ஒரு பெண்கூட வரவில்லை. அஞ்சலை வந்தாள். "சும்மாதான கத்துத் தர்றீங்க? வர்றேன்!" என்று வந்தாள். அவள் செய்கிற கப் படு கனம். கீழே போட்டால் கப் உடையாது, தரை உடையும்.

அஞ்சலைக்கு வாய் நீளம். எனக்கு வாயே இல்லை. என் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"இன்னா சைக்கிள்காரரே, சக்கரம் மெதுவா சுத்துது? காத்து கீத்து அடிக்கணுமா?"

நான் தலையாட்டுவேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. விழுப்புரத்திலிருந்து ஆபீசர் வருகிறார். கிளாஸைப் பார்ப்பார். பிடித்திருந்தால் நீடிக்கும். பிடிக்காவிட்டால் சக்கரம், சாமான், டீச்சர் எல்லாம் விழுப்புரத்துக்குப் போய்விடும். அங்கேயும் இதே கிளாஸ் வேண்டும் என்று நச்சரிக்கிறார்களாம்.

டீச்சர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு ஒருத்தர் கப்பும் நேராக வரவில்லை.

விழுப்புரம் ஒன்றும் சீமை இல்லை. ரயில் ஏறினால் போய்விடலாம். ஆனால் அங்கே புது ஆட்கள் இருப்பார்கள். பெயர் கேட்பார்கள். ஊர் கேட்பார்கள். எத்தனை பிள்ளைகள் என்பார்கள்... எனக்கு நினைக்கும்போதே வியர்த்தது. இத்தனை காலத்துக்கு அப்புறம் கிடைத்த நாலு பேர் சிநேகிதத்தையும் சக்கரத்தோடு சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டால், மறுபடி நான் எங்கே போவேன்?

டீச்சர் ஒரு திட்டம் போட்டார். ஆபீசருக்கு நம் கப்பிலேயே டீ கொடுப்பது.

"ஒரு வாய் குடிச்சிட்டார்னா போதும். அப்புறம் மூடறதுக்கு அவருக்கு மனசு வராது."

கப்களை வரிசையாக வைத்துப் பார்த்து, என் கப்பை எடுத்தார். நீல மெருகு. மெல்லிசு. காது ஒட்டின இடமே தெரியாது. பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் தெரிந்ததுதான். எங்கள் பக்கத்தில் வீட்டிலும் சரி, காபி கிளப்பிலும் சரி, டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து குடிப்பதுதான் மரியாதை. கடை ஓரமாகத் தனியாக நிற்கும்போது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். நாலு பேர் பார்க்கும்போது? மூச்! உதடு பட்டால் எச்சில்.

டீச்சருக்கு இது தோன்றவே இல்லை. அவர் ஊரில் கப்பில்தான் குடிக்கிறார்கள். எங்களுக்கும் தோன்றவில்லை. ஏன் என்றால்... கேளுங்கள், இதுதான் வேடிக்கை... மாதக்கணக்காகக் கப் கப்பாகச் செய்து தள்ளியிருக்கிறோம். ஒருத்தரும் அதில் ஒரு வாய் குடித்துப் பார்த்ததில்லை!

ஆபீசர் ஜீப்பில் வந்தார். விக்கிரவாண்டியில் பஞ்சராகிவிட்டதாம், லேட். சகுனம் என் தொழிலிலிருந்தே ஆரம்பம். வெள்ளைவெளேர் என்று சட்டை. சக்கரத்தைப் பார்த்தார், சூளையைப் பார்த்தார், "பேஷ்" என்றார். டீச்சர் டீயை நீட்டினார்.

ஆபீசர் கப்பின் காதைப் பிடித்தார். தூக்கினார். அண்ணாந்தார். நாங்களும் கூடவே அண்ணாந்தோம். சாய்த்தார்.

டம்ளருக்கு வெளியே மடங்கின விளிம்பு உண்டு. டீ நூல் பிடித்த மாதிரி இறங்கும். கப்புக்கு ஏது விளிம்பு? வாயும் அகலம். மதகு திறந்த ஏரி மாதிரி வந்தது டீ. பாதி மூக்கில். பாதி சட்டையில். வாய்க்குள் ஏதாவது போயிற்றா என்று இன்றுவரை தெரியவில்லை.

டீச்சர் ஈரத்துணி எடுத்துவர ஓடினார்.

"யார் செஞ்ச கப் இது?" என்றார் ஆபீசர், மூக்கைத் துடைத்தபடி.

எனக்கு முன்னால் நின்ற கோவிந்தசாமி, ரயிலுக்கு வழி விடுகிற மாதிரி மெதுவாக ஒதுங்கினார். நான் தெரிந்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

டீச்சர் குறுக்கே வந்தார். "மன்னிக்கணும் சார். அதை உதட்டுல வெச்சுக் குடிக்கணும்."

"உதட்டுலயா? நாலு பேர் வாய் வெச்ச கப்பையா?"

"ஐய, நாலு பேர் இல்லீங்க!" என்றாள் அஞ்சலை. "ஒருத்தர் வாயும் படலீங்க. சூளையில வெந்து அப்பிடியே வந்துக்கீது. நெருப்புக்கு இன்னாங்க எச்சி?"

உதவி செய்வதாகத்தான் நினைத்தாள். ஆனால் ஆபீசர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தரும் குடிக்கலையா? அப்ப இத்தனை நாளா செஞ்ச கப்பையெல்லாம் என்ன பண்ணீங்க?"

"நான் சுண்ணாம்பு போட்டு வெச்சிக்கினு இருக்கேன் சார்" என்றார் கோவிந்தசாமி.

ஆபீசர் என்னைப் பார்த்தார். என் கப்களில் சைக்கிள் பால்ரஸ் இருக்கிறது. நான் சொல்லவில்லை.

"எங்க வூட்டுல ரெண்டு கோழி தண்ணி குடிக்குதுங்க" என்றாள் அஞ்சலை.

"ஏம்மா டீச்சர், கோழிக்காகவா சர்க்கார் கிளாஸ் நடத்துது? செய்யறவங்களே வாய் வைக்காத சாமானை எவன் வாங்குவான்? சக்கரத்தையெல்லாம் கட்டி விழுப்புரத்துக்கு அனுப்பிடுங்க."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். டீச்சர் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். யாராவது ஏதாவது பேச வேண்டும். அஞ்சலைகூட வாயை மூடிக்கொண்டுவிட்டாள். நான் பேசலாம் என்றால், அது நடக்கிற காரியமா?

தட்டில் இன்னும் சில கப்களில் டீ இருந்தது. கைக்கு எட்டின ஒன்றை எடுத்தேன். ஆபீசருக்கு எதிரே போய் நின்றேன். உதட்டில் வைத்தேன்.

பேசத்தான் வராது, குடிக்கவாவது வரும் என்று நினைத்திருந்தேன். அதுவும் வரவில்லை. விளிம்பு செங்கல் கனம். டீ இரண்டு பக்கமும் தாடையில் ஒழுகிற்று. நாக்கு வெந்தது. ஆனாலும் விடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

"யோவ்... அது அஞ்சலை கப்புய்யா!" என்று கோவிந்தசாமி ரகசியமாகச் சொன்னார். அந்த ரகசியம் கிளியனூர் வரை கேட்டிருக்கும்.

அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெதுவா சைக்கிள்காரரே. பல்லு போயிடப்போவுது" என்றாள். குரல் வழக்கமான குரலாக இல்லை.

சட்டையெல்லாம் டீயாக நிற்கிற ஒருத்தர், தாடையெல்லாம் டீயாக நிற்கிற இன்னொருத்தனைப் பார்த்தால் என்ன செய்வார்? ஆபீசர் சிரித்துவிட்டார். அப்புறம் தீர்ப்புச் சொன்னார்.

"செய்யக் கத்துக்கிட்டீங்க. சரி. இனிமே குடிக்கக் கத்துக்குங்க. நான் மறுபடி வருவேன். அன்னைக்கு எல்லாரும் இந்தக் கப்புலதான் குடிக்கணும். இல்லேன்னா லாரி வரும்."

ஆக, இப்போது எங்கள் கிளாஸில் மண்ணைத் தொடும் முன்னால் டீ. டீச்சர் நடுவில் நின்று பாடம் நடத்துகிறார். "உதட்டைக் குவிங்க. உறிஞ்சுங்க. சத்தம் வேண்டாம். கோவிந்தசாமி சார், அது எஞ்சின் இல்லை!" பேரன் பேத்தி எடுத்தவர்கள் உதட்டைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமே... பேஜாரு!

கோவிந்தசாமி ஆரம்பத்தில் தன் கப்புக்கு அடியில் சுண்ணாம்புப் புள்ளி வைத்திருந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அஞ்சலைக்கும். கப்களை முறை வைத்துக் கழுவுகிறோம். என் முறை வந்த அன்றைக்குப் புள்ளி போய்விட்டது. தெரியாமல் நடந்தது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனுஷன் எல்லாக் கப்பையும் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்றை எடுத்தார், கண்ணை மூடினார், குடித்தார்.

"எப்பிடிக்கீது ரயில்வேக்காரரே?" என்றாள் அஞ்சலை.

"சக்கரை கம்மி" என்றார்.

அவ்வளவுதான். எத்தனையோ காலமாகக் காப்பாற்றி வந்த மரியாதை, கடைசியில் சர்க்கரை கம்மி என்பதில் வந்து முடிந்தது. பெரிய பெரிய சங்கதிகள் எல்லாம் இப்படித்தான் முடியும்போல. மேளதாளம் இல்லாமல்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் என் வாய் பழகிவிட்டதே!

போன வாரம் வீட்டில் காபி டம்ளரை வாங்கி, யோசிக்காமல் உதட்டில் வைத்துவிட்டேன். என் சம்சாரம் பதறிப்போனாள்.

"ஐயையோ! இன்னாங்க இது? ஊட்டு டம்ளர எச்சி பண்ணிட்டீங்களே! அங்க கண்ட கப்புல வெச்ச வாயி..."

மறுநாளிலிருந்து எனக்கு ஒரு நசுங்கின டம்ளர். பின்கட்டில் ஆணியில் தொங்குகிறது. நானே எடுத்துவர வேண்டும், நானே கழுவி மாட்ட வேண்டும். காபியை அவள் உயரத்திலிருந்து ஊற்றுகிறாள். சொம்பு என் டம்ளரில் பட்டுவிடக் கூடாதாம். சொந்த வீட்டில்!

இதைக் கிளாஸில் நானே வாய் திறந்து சொன்னேன். பெரிய ஜோக் என்று நினைப்பு. எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"தனி டம்ளரா? டீக்கடையில எங்க தெருவுக்கே அதாங்க. வாங்க சைக்கிள்காரரே, நம்ம வரிசையில வந்து நில்லுங்க."

எனக்கு இது ஒரு வாரமாகத்தான். அதற்கே எவ்வளவு கோபம் வருகிறது!