தலைமாட்டிலிருந்து தொடங்கிய தையல்

பென்னாகரம் கடைவீதிக்குப் பின்னால் குடியிருக்கும் நஸீமாவுக்கு முழங்கால் தேய்ந்துபோனது. தேயாமல் என்ன செய்யும்? பாத்திரக்கடை அப்துல் கனிக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து குந்தி உட்கார்ந்தே துவைத்தவள், குனிந்தே பெருக்கியவள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இனிமே நாற்காலியில உக்காந்தே தொழுங்கம்மா" என்றும் சொல்லி அனுப்பினார்.

மாத்திரையை விழுங்கிவிட்டாள். நாற்காலிதான் தொண்டையில் நின்றது.

"அல்லா உன் முழங்காலயா பாக்கப்போறான்? மனசத்தான் பாப்பான்" என்றார் கனி.

"அவன் பாக்கமாட்டான். எனக்குத் தெரியுமில்ல? நெத்தி தரையில படாம தொழுதா, வெளக்காத சட்டியக் கவுத்து வெச்ச மாதிரி இருக்குதுங்க."

தரைக்கும் முழங்காலுக்கும் நடுவே மெத்தென்று ஏதாவது இருந்தால் போதும் என்று முடிவு கட்டினாள். வீட்டில் இருந்த தொழுகை விரிப்பு, நாத்தனார் மக்காவுக்கு உம்ரா போய்வந்தபோது கொடுத்தது. பச்சை வெல்வெட்டு, மேல்பக்கம் பள்ளிவாசல் வளைவு. அழகுக்குக் குறைவில்லை, தடிமன்தான் அப்பளம். அதற்கு அடியில் பழைய கம்பளியை இரண்டாக மடித்து வைத்து, அதற்கும் அடியில் கனியின் பழைய லுங்கியைக் கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கோடு கோடாகத் தைத்துவிட்டால் தீர்ந்தது.

ஜாக்கெட்டும் பாவாடையுமாகத் தைத்துப் பழகிய கை. மோட்டார் மாட்டிய மெஷின். உலை கொதிப்பதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். நெற்றி வைக்கும் பக்கம் தலைமாடு. கால் வைக்கும் பக்கத்திலிருந்தா தொடங்குவாள்? மரியாதை வேண்டாமா? வளைவின் உச்சியில் ஊசியை இறக்கிக் கால்மாடு வரை ஒரு கோடு ஓட்டினாள். நூலை அறுக்கச் சோம்பல்பட்டுத் திருப்பி மேலே ஒரு கோடு, மறுபடி கீழே ஒரு கோடு. முடித்து உதறினால், முழங்கால் படுகிற இடத்தில் வெல்வெட்டு கயிறு கயிறாகச் சுருண்டு கிடந்தது. வளைவு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் சுவர் மேலே கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள். ஆடு வளர்ப்பவள். அடுத்த வீட்டு விஷயமென்றால் ஆட்டைக்கூட மறந்துவிடுவாள்.

"என்னா பாயம்மா, நீங்க மேக்காலதான தொழுவீங்க? இது பாப்பாரப்பட்டி ரோட்டயில்ல பாக்குது."

"மொதல்ல உன் ஆடு எந்த ரோட்டப் பாக்குதுன்னு பாரு, போ."

அவளை விரட்டிவிட்டாள், சுருக்கத்தை விரட்ட முடியவில்லை. அதன் மேல் முட்டி போட்டுப் பார்த்தபோது கூழாங்கல்லில் விழுந்ததுபோல உயிர் போனது. இதற்குத் தரையே தேவலை. இதுவும் சரிப்படவில்லையென்றால் டாக்டர் சொன்ன நாற்காலிதான்.

தையலை முழுக்கப் பிரித்தாள். மறுநாள் அதே தலைமாட்டிலிருந்து, இந்த முறை வெல்வெட்டை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டே தைத்தாள். ஊசி உடைந்தது.

புது ஊசி மாட்டிவிட்டு, இரண்டு கந்தல் துணியை வைத்து மெதுவாக ஓட்டி, குனிந்து பார்த்தாள். கீழே இருக்கும் இரும்புப் பல் அடித்துணியைக் கடித்து இழுக்கிறது. மேலே அமுக்கிப் பிடிக்கும் கால், மேல்துணியை வரவிடாமல் தள்ளுகிறது. கீழ்த்துணி ஓட, மேல்துணி அடம் பிடிக்கிறது. தலைமாட்டில் தொடங்கினால் தள்ளிய மிச்சமெல்லாம் கால்மாட்டுப் பக்கம் வந்துதானே குவியும்? இவள் பார்த்த மரியாதைதான் இவள் முழங்காலுக்கு அடியில் வந்து சுருண்டிருக்கிறது. கோடுகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி ஓட்டியதில் வளைவும் முறுக்கிக்கொண்டது. நடுவில் தொடங்கினால் மிச்சம் இரண்டு ஓரத்துக்கும் போய்விடும்.

மத்தியானம் சாப்பிட வந்த கனியிடம் கேட்டாள். "ஏங்க, தொழுவுற விரிப்ப நடுவுலேர்ந்து தெக்கலாமா? தப்பில்லையே?"

"தெக்கிறதுல என்ன தப்பு? எங்கேர்ந்து வேணும்னாலும் தெய்யி."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீ கேட்டியா? ஊசி ஒடைஞ்சப்புறந்தான என்னக் கேக்குற?"

துணியைத் தரையில் விரித்து வேலை செய்ய முட்டி ஒத்துழைக்காது. பழைய தையலை மறுபடி பிரித்துப்போட்டு, கட்டில் மெத்தையைச் சுருட்டி நகர்த்திவிட்டு, வெறும் பலகையின் மேல் லுங்கியை விறைப்பாக விரித்தாள். நான்கு விளிம்பிலும் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டினாள். அதன் மேல் கம்பளி, அதன் மேல் வெல்வெட்டு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் நீவிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சின்னம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நான் வந்து புடிக்கட்டுமா பாயம்மா?"

"புடி. இழுத்துக்கிழுத்து வெச்சிராத."

"இழுக்க நான் என்னா தேரா இழுக்குறேன்?"

அவள் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, நஸீமா வெள்ளை நூலால் கையாலேயே நீள நீளமாக ஓட்டுத்தையல் போட்டாள். நான்கு விரல் இடைவெளியில், நடுவிலிருந்து விளிம்பு வரை. மூன்று துணியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. வெல்வெட்டில் குண்டூசி குத்தினால் தடம் விழும், ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் நெற்றியில் ஏறும். அதனால் நூல்தான்.

பிறகு மெஷினுக்கு வந்தாள். துணியை அமுக்கும் காலின் திருகைத் தளர்த்தினாள், தையலைப் பெரிதாக வைத்தாள். நட்டநடுவில் ஊசியை இறக்கிக் கால்மாடு வரை ஒரு கோடு. நூலை அறுத்து, மறுபடி நடுவிலிருந்து தலைமாடு வரை. அதற்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒவ்வொரு கோட்டையும் நடுவிலேதான் தொடங்கினாள். நூல் போனால் போகட்டும். துணியை இழுக்கவில்லை, விரலால் வழி மட்டும் காட்டினாள். முடித்ததும் வெள்ளை நூலை உருவி எறிந்துவிட்டுத் தடவிப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் கட்டிலோரமாக விரித்து நின்றாள். குனியும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் இறங்கியது. கம்பளி வாங்கிக்கொண்டது. நெற்றி வெல்வெட்டில் பதிந்தபோது மூச்சைத் தாராளமாக விட்டாள். எழுந்திருக்கும்போதுதான் முட்டி கடகடவென்றது. கட்டாயமாகத் தொழவேண்டிய பர்ளு மூன்று ரக்அத்தையும் அப்படியே தொழுது முடித்தாள்.

பள்ளிவாசலிலிருந்து வந்த கனி வாசலிலேயே நின்றார். "வலிக்கலியா?"

"எந்திரிக்கறப்ப வலிக்குது. எறங்கறப்ப இல்ல. நான் எறங்கத்தான கேட்டேன்."

"டாக்டரு கேட்டா?"

"பர்ளு கீழ. மிச்சமெல்லாம் மேலன்னு சொல்லுங்க."

கட்டில் மேல் ஏறி உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பர்ளுக்குப் பிறகு தொழும் சுன்னத்துத் தொழுகையைத் தொடங்கினாள்.