ரசமட்டத்தாரின் மீசை

"என் கண்ணே ரசமட்டம். நான் போட்ட தரையில ஒரு கோலிக்குண்ட வெச்சுட்டு ஊருக்குப் போய்ட்டு வாங்க, வெச்ச இடத்துலயே உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். அந்தக் கண்ணாடிக் குழாய என் கை தொட்டுச்சுன்னா, அன்னைக்கே மீசைய எடுத்துடுறேன்."

தரைக்குக் கல் பதிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர், மகளின் கல்யாண விருந்தில், சம்பந்தியின் முகத்துக்கு நேராக இப்படி முழங்கினார். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் காற்றுக்குமிழி ஓடும் ரசமட்டக் கருவி, அதை அவர் வாழ்நாளில் வாங்கியதே இல்லை. ஊர் அவருக்கு வைத்த பெயரே ரசமட்டத்தார். மீசையும் லேசுப்பட்டதல்ல. இரு நுனியும் ஒரே உயரத்தில் நிற்கும் என்பது அவருடைய கட்சி.

சம்பந்தி மருந்துக் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். மகள் வாழப்போகிற வீடு. அவள் நடக்கும் தரையை வேறெவனோ பதிப்பதை நினைத்தாலே ரசமட்டத்தாருக்கு அருவருத்தது. ஆனால் பெண் கொடுத்த இடத்தில் போய் வேலை கேட்டு நிற்பதா? அவராக வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தார். ஒருநாள் சம்பந்தி வாயைத் திறந்தார்.

"நம்ம கிளப்புக்குக் கோல்ஃப் ஆட வாங்களேன், சம்பந்தி."

போனார். பார்த்தார். குமட்டியது. பேரன் பேத்தி எடுத்த மனிதர்கள் கிளிப்பச்சைக் கால்சட்டையில், ஒற்றைக் கைக்கு மட்டும் உறை மாட்டிக்கொண்டு, பிரசவ அறை வாசலில் நிற்பவர்களைப் போலக் கிசுகிசுத்தார்கள். பந்தை அடிக்குமுன் ஒவ்வொருவரும் பின்பக்கத்தை ஆட்டிய ஆட்டம் குடும்பத்தோடு பார்க்கத் தக்கதாக இல்லை. பந்து புதருக்குள் போய் விழுந்தாலும் "நல்ல அடி" என்று ஒருவருக்கொருவர் கூசாமல் பொய் சொன்னார்கள். இத்தனையையும் விழுங்கிக்கொண்டவருக்கு, குழியைச் சுற்றி மழித்து வைத்த புல்தரையைக் கண்டதும்தான் தாங்கவில்லை. இங்கே மேடு, அங்கே பள்ளம்.

"யார் போட்ட தரைங்க இது?"

"வேணும்னே அப்படி வெச்சிருக்காங்க, சம்பந்தி."

வேண்டுமென்றே கோணலாகவா? ரசமட்டத்தார் மனதுக்குள் துப்பினார். அந்த ஆத்திரத்தோடு பந்தைத் தள்ள, அது குழியைத் தாண்டி, புல்லைத் தாண்டி, மணல் பள்ளத்தில் போய்ப் படுத்தது.

"இதுக்குப் பேரு பட்டிங். அடிக்கக் கூடாது, தடவிக் குடுக்கணும்" என்றார் சம்பந்தி. சிரித்துக்கொண்டே மேலும் சொன்னார்: "கடைசிக் குழிகிட்ட மட்டும் புல்லு பலகை மாதிரி சமமா இருக்கும். அதுல ஒரே தள்ளுல போட்டுக் காட்டுங்க, புது வீட்டுத் தரைய உங்க கையில குடுத்துடுறேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். இவர் வாக்காக வாங்கிக்கொண்டார்.

மறுநாளே ரசமட்டத்தார் வீட்டுக் கூடம் கோல்ஃப் மைதானமாயிற்று. அது அவரே பதித்த தரை. எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்துவைத்துக் குழியாக்கினார். பந்தைத் தடவிக் கொடுத்தார். அது பாதி தூரம் மரியாதையாகப் போய், பிறகு இடப்பக்கம் ஒதுங்கி, ஃப்ரிட்ஜின் காலடியில் சரணடைந்தது. மறுபடி தள்ளினார். மறுபடியும் ஃப்ரிட்ஜ். பந்தைத் தள்ளும் கோலை மாற்றினார். பந்தை வேறு கம்பெனியில் வாங்கினார். கம்பெனி மாறியும் புத்தி மாறவில்லை. காற்று தள்ளுகிறது என்று மின்விசிறியை நிறுத்தினார். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த மனைவிக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஏங்க, தரைய..." என்று ஆரம்பித்தாள்.

"தரைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வீடு துடைக்கிற தண்ணியும் வருஷக்கணக்கா அந்த ஃப்ரிட்ஜ் அடியிலதான் போய் நிக்குது. அதுவும் கோல்ஃப் கத்துக்குதோ என்னவோ."

"நீ துணிய சரியாப் பிழியறதில்ல."

"ஆமாமா. பந்தையும் நான்தான் பிழியாம விட்டுட்டேன்."

முகத்தைச் சுளித்தார். ஈரமும் பெண்புத்தியும் ஆராய்ச்சிக்கு உதவாது. கடைசியில் அவரே உண்மையைக் கண்டுபிடித்தார்: கோல்ஃப் பந்துக்கு இடப்பக்கம் சாய்வது பிறவிக்குணம். பணக்காரன் விளையாட்டில் நேர்மைக்கு எங்கே போவது? டம்ளருக்கு ஒரு சாண் வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தார். பந்து அழகாக வளைந்து வந்து, டங். பழகப் பழகக் கைக்கே அது மனப்பாடமாகிவிட்டது. குனிந்தால் டங், தள்ளினால் டங். மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. கடைசிக் குழி. கிளிப்பச்சைக் கால்சட்டைகள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. ரசமட்டத்தார் குனிந்தார்.

"வலப்பக்கம் ரொம்பப் பார்க்குறீங்களே" என்று கிசுகிசுத்தார் சம்பந்தி. "அது சமதரை."

"இந்தப் பந்தோட யோக்கியதை எனக்குத் தெரியும், சம்பந்தி."

தள்ளினார். பந்து நூல் பிடித்தாற்போல நேராகப் போனது. வளையவில்லை, ஒதுங்கவில்லை. குழிக்குச் சரியாக ஒரு சாண் வலப்பக்கத்தில் போய் நின்றது.

"குழி இந்தப் பக்கம் இருக்கு" என்றார் சம்பந்தி, கூடியமட்டும் மெதுவாக.

ரசமட்டத்தார் பந்தின் அருகில் போய்க் குந்தினார். காற்றில்லை, மேடு பள்ளமில்லை. அனுப்பிய இடத்திலேயே அது அவருக்காகக் காத்துக்கொண்டு இருந்தது. இத்தனை நாளும் அதன்மேல் வைத்திருந்த அருவருப்பு மெல்லக் கழன்று, வேறு ஆளைத் தேடிப் புறப்பட்டது. வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை.

"விடுங்க சம்பந்தி, விளையாட்டுக்குச் சொன்னது. தரை உங்களுதுதான்" என்று தோளைத் தட்டினார் சம்பந்தி. "உங்க கண்ணு மாதிரி வேற யாருக்கு வரும்?"

காறித் துப்பியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

புது வீட்டில் வேலை தொடங்கிய அன்று காலை, மகள் தேநீர் கொண்டுவந்து நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, மீசை எங்கப்பா?"

"அரிச்சுது."

வேலையாட்கள் மூவரும் சட்டென்று மணலை ஆராயத் தொடங்கினார்கள். மகள் அப்பாவின் வெறும் உதட்டைப் பார்த்தாள்; டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ரசமட்டத்தார் முதல் கல்லைக் கலவையில் பதித்தார். பழக்க தோஷத்தில் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். சமமாகத்தான் தெரிந்தது. பிறகு பைக்குள் கைவிட்டுப் புத்தம்புது ரசமட்டம் ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் உறையை நகத்தால் கிழித்து, கல்லின்மேல் வைத்தார். குமிழி நகர்ந்து வலப்பக்கம் ஒதுங்கியது. அப்படியென்றால், கல் இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறது.

"தூ" என்றார், தனக்கு மட்டும் கேட்கும்படி. கல்லைப் பெயர்த்து, இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் கலவையை அள்ளிப் போட்டார்.