மாவு ஷெட்டும் ஒன்பது வரிசை பர்லினும்

ஷெட் போடுற தொழில்ல வெயில்கூடப் பழகிடும், ‘இது எதுக்கு?’ங்கிற கேள்விதான் பழகாது. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் என்னை மாதிரி இரும்போட குப்பை கொட்டுறவங்களே, உங்களுக்குத் தெரியாததா?

குறுக்கே எதுக்கு?

வெள்ளானூர்ல சரோஜாக்காவுக்கு ஷெட். இட்லி மாவு அரைச்சுக் கடைகளுக்குப் போடுறவங்க. மேனாம்பேட்டு வாடகை இடத்தை ஞாயித்துக்கிழமை காலி பண்ணணும், திங்கள் விடிஞ்சா இங்கேர்ந்து மாவு போயாகணும்.

தூணும் அதுமேல சாய்வு உத்தரமா ராஃப்டரும் நின்னதும் அக்கா அண்ணாந்து பார்த்தாங்க. அதுக்குக் குறுக்கே மெல்லிசு இரும்புச் சட்டமா ஒன்பது வரிசை பர்லின் போட்டிருந்தது கண்ணை உறுத்திடுச்சு. “தகரம் அதுமேலதான்க்கா உட்காரும். அதோட கனத்தையும் காத்தையும் வாங்கி ராஃப்டருக்குக் கொடுக்கும். இடைவெளி கூடினா தகரம் தொங்கிடும், காத்து தூக்கிடும்”னு அரைமணி நேரம் தொண்டைத் தண்ணி வத்தப் பேசினேன். பொறுமையாக் கேட்டுட்டு அக்கா சொன்னாங்க: “எல்லாம் சரி நைனா, ரெண்டு வரிசை கொறைச்சா இன்னா கெட்டுடும்?”

ஏழுமலை செஞ்ச உபகாரம்

சனிக்கிழமை பாடி பக்கம் போல்ட் வாங்கப் போயிட்டு வந்தா, ஒரு பர்லின் முறுக்கிக்கினு தொங்குது. வேன்ல வந்த பெரிய கிரைண்டரை இறக்க அக்கா திண்டாடினாங்களாம். எங்க ஃபிட்டர் ஏழுமலை கனம் தூக்குற செயின் பிளாக்கை பர்லின்லயே மாட்டி இறக்கியிருக்கான். கனம் தாங்குற ராஃப்டர் நாலடி தள்ளித்தான் இருக்கு. பத்து வருஷமா பர்லின் மாட்டுறவன் அவன். அவன் சாவகாசமா கிரைண்டரைத் தடவிக்கினு சொன்னான்: “ஒரு கீறல் இல்லண்ணே, நல்லாப் பாத்துக்க.”

ஜாக்கி வெச்ச கதை

வேற பர்லின் திங்கள்கிழமைதான் கிடைக்கும்னு கடையில சொல்லிட்டாங்க. ஜாக்கி வெச்சு நிமித்தி, பெயின்ட் அடிச்சு, தகரத்தைப் போட்டுட்டா யாருக்குத் தெரியப் போவுது? சொல்ல வெக்கமா இருக்கு, அதைத்தான் செய்யப் பார்த்தேன். ஏணியில பாதி ஏறியிருப்பேன், கீழேர்ந்து அக்கா குரல்: “எறங்கு நைனா. தொங்கிடும், தூக்கிடும்னு அரைமணி நேரம் சொன்னது யாரு?”

அந்தப் பக்கத்துக்கு மட்டும் தார்ப்பாய் கட்டச் சொன்னாங்க. திங்கள் விடியக்காலை அதுக்குக் கீழேயே அரைச்சு மாவை அனுப்பிட்டாங்க. சாயங்காலம் புது பர்லினை மாட்டிட்டு எறங்கினேன். அக்கா அண்ணாந்து விரல் விட்டு எண்ணிட்டு, தட்டு நிறைய இட்லியை நீட்டினாங்க: “ஒம்போது கீது. இனிமே ஒண்ணுத்துல கை வெச்சே, உனக்கு இட்லி கெடையாது.”

இப்பல்லாம் யாராச்சும் ‘இது எதுக்கு?’ன்னு கேட்டா நான் வாயே திறக்கிறதில்ல, நேரா வெள்ளானூர் அக்காகிட்ட அனுப்பி வெச்சுடுறேன்.