மூச்சை அளக்கும் அறை

நான் வேலை செய்யும் அறையில் ஒரு கட்டில், உட்கார ஒரு கதிரை, ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு குழாய் வரும். குழாயின் முனையில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூடு. ஆளைக் கட்டிலில் படுக்க வைத்து, கூட்டைத் தலைக்கு மேல் கவிழ்ப்போம். அரை மணி நேரம் பேசாமல் கிடக்க வேண்டும். அவர் விடும் மூச்சைப் பெட்டி அளக்கும்.

கண்டி நகரத்துக்கு வெளியே, அரசாங்கக் காசில் நடக்கும் ஆராய்ச்சி இடம் அது. நான் அங்கே உதவியாள். காலையில் கதவைத் திறப்பேன். பெட்டியைப் போட்டுச் சூடாக விடுவேன். கூட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைப்பேன். படித்தது ஐந்தாம் வகுப்பு.

அறைக்குப் பொறுப்பானவர் ஒரு டொக்டர். யாழ்ப்பாணத்துப் பெண். எல்லோரும் மிஸ் என்போம். பெட்டி என்ன பார்க்கிறது என்று சேர்ந்த புதிதில் அவரிடம் கேட்டேன். உடம்பு ஒரு அடுப்பு என்றார். வெறும் வயிற்றில் கிடந்தால் சேர்த்து வைத்த கொழுப்பை எரிக்கும். சாப்பிட்டு வந்தால், சாப்பாட்டிலிருந்து வரும் சீனியை எரிக்கும். எது எரிகிறது என்பது மூச்சில் தெரியும். திரையில் ஒரு கோடு ஓடும். கொழுப்பு என்றால் கோடு கீழே நிற்கும், சீனி என்றால் மேலே. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வேலைக்கு அது போதும்.

அந்த அறையில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தேடினோம். கொழுத்தவர்களுக்கு வரும் வருத்தம் என்று சொல்லுகிற சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, ஒல்லியான எங்கள் ஆட்களுக்கு ஏன் வருகிறது? என் மனைவி காற்றடித்தால் விழுந்துவிடுவாள் போல இருப்பாள். அவளுக்கும் சீனி. ஒரு கால்விரலை எடுத்துவிட்டார்கள். அதனால் அது என் வீட்டுக் கேள்வியும்தான்.

ஆட்களைச் சேர்த்துக் கொடுத்ததில் பாதி நான். கம்பளையிலிருந்தும் கடுகண்ணாவையிலிருந்தும் முதல் ரயிலில் வருவார்கள். என் வீட்டுப் பக்கத்து ஆட்களும் உண்டு. ஒரே ஆளை வருசத்துக்கு ஒரு தடவை, ஐந்து வருசம் பார்க்க வேண்டும். நடுவில் அறுந்தால் முன்னால் பார்த்ததும் வீண். முதல் நாள் ராச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான் குடிக்கலாம். காலைத் தேத்தண்ணியும் கிடையாது. அவர்களுக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி, நகரத்தில் தெரு கூட்டும் வேலை. என்னை அண்ணே என்பாள். முதல் தடவை கூட்டைப் பார்த்தபோது கேட்டாள்.

“என்னண்ணே, என்னைய மீன் தொட்டியில போடுறீங்க?”

“மீன் பேசாது. நீயும் பேசாம படு.”

படுத்தாள். அதற்குப் பிறகு ஒரு வருசமும் தவறவில்லை.

பிறகு நாட்டில் காசு இல்லாமல் போனது. பெற்றோல் வரிசை, கேஸ் வரிசை. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து ஆட்களை வரச் சொன்னோம். பஸ் இல்லாத நாளில் நடந்து வந்தார்கள். ஒருவரும் நின்றுவிடவில்லை. வரிசைகள் எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்கு வந்தது வினை. செலவைக் குறைக்க வேண்டும் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார்கள். சில இடங்களைப் பூட்டினார்கள்.

மார்கழியில் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சிங்களவர், மரியாதையான மனிதர். அறை இருப்பதும் பூட்டுவதும் அவர் போய்ச் சொல்வதில் இருந்தது. அந்த நேரம் ஐந்து வருசத்தில் மூன்றாவது நடந்துகொண்டிருந்தது.

பெட்டி வேலை செய்வதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அன்றைக்கு முறை அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு. நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தாள். காலையில் ஏதும் சாப்பிட்டாளா என்று மிஸ் வழக்கம் போலக் கேட்டார். இல்லை என்றாள். கூட்டைக் கவிழ்த்தேன்.

அவள் படுத்திருக்கும்போது அதிகாரி கேட்டார். இதற்கு ஏன் அரசாங்கம் காசு கொடுக்க வேண்டும், மருந்துக் கம்பனி ஒன்றைக் கேட்கலாமே என்று. மிஸ் சிங்களத்தில் சொன்னார். கம்பனி விற்கக்கூடிய பொருளுக்குக் காசு போடும். எங்கள் கேள்விக்கு விடை ஒரு மருந்தாக வருமா, சோற்றின் அளவை மாற்று என்று வருமா, இன்றைக்குத் தெரியாது. சோற்றை மாற்றச் சொல்லி எந்தக் கம்பனி இலாபம் பார்க்கும்? அப்படிப்பட்ட கேள்வியைப் பொதுக் காசுதான் கேட்க முடியும். அதிகாரி தலையாட்டினார். சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை.

பிறகு திரையைப் பார்த்தார். கோடு மேலே நின்றது.

வெறும் வயிறு என்றால் கீழேதானே இருக்க வேண்டும் என்று கேட்டார். இறங்கும் என்று காத்திருந்தோம். இறங்கவில்லை. பெட்டி பழையதா என்று கேட்டார். பழையதுதான். பழுதான பெட்டிக்கு இன்னொரு வருசக் காசா என்று அவர் வாயால் கேட்கவில்லை, முகம் கேட்டது.

மிஸ் பெட்டியைத் தொடவில்லை. அரை மணி நேரம் முடிந்ததும் கூட்டைத் தூக்கச் சொன்னார். அவளுடைய நெற்றியைப் பார்த்தார்.

“காலமை கோயிலுக்குப் போனனீங்களோ?”

“ஆமா மிஸ். மார்கழிப் பூசை.”

“அங்க ஏதும் தந்தவையோ?”

“பிரசாதம் தந்தாங்க. சர்க்கரைப் பொங்கல்.”

“அதைச் சாப்பிட்டனீங்களோ?”

“அது சாப்பாடு இல்லையே மிஸ். பிரசாதம்.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எவ்வளவு?”

“ஒரு கை.” உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். “ரெண்டு வாட்டி வாங்கினேன்.”

மிஸ் அதைச் சிங்களத்தில் சொல்ல, அதிகாரி சிரித்துவிட்டார். தன் வீட்டிலும் அம்மா விரதத்தில் இப்படித்தான் என்றார். அப்போது மிஸ் சொன்னது எனக்கு மறக்காது. இந்த அம்மா சொன்னதைப் பெட்டி நம்பவில்லை, ஐயா, உடம்பு செய்ததைத்தான் சொல்லியிருக்கிறது. நாளைக்கு வாருங்கள்.

அவருக்குக் கண்டியில் மறுநாளும் வேலை இருந்தது. வருகிறேன் என்றார்.

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். நாளைக்குப் பூசைக்குப் போகாமல் இரு என்று சொன்னேன்.

“பூசைக்குப் போவேன். வாயத்தானே கட்டணும், கட்டிக்கிறேன்.”

விடியப் பூசையில் நானும் நின்றேன். பொங்கலை இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணில் ஒற்றினாள். கொண்டுவந்த டப்பாவில் போட்டு மூடினாள். பின்னால் நின்ற ஒருத்தி, என்னடி, சாமி குடுத்தது கசக்குதா என்று கேட்டாள்.

“கவர்மெண்டு வேலையா போறேன்” என்றாள் இவள். திரும்பியும் பார்க்கவில்லை.

கோடு அன்று கீழே நின்றது. முதல் நாள் கோட்டையும் இதையும் மிஸ் ஒரே திரையில் வைத்துக் காட்டினார். ஒரே ஆள், ஒரே கட்டில், அதே பழைய பெட்டி. நடுவில் இருந்த வித்தியாசம் இரண்டு கைப் பொங்கல். அதிகாரி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். எழுந்து, இந்த அம்மாவுக்கு இதனால் என்ன கிடைக்கிறது என்று என்னிடம் கேட்டார். அவளிடம் கேட்டேன். கூச்சத்தில் தமிழிலேயே சொன்னாள்.

“எங்கம்மா கொண்டாந்த தேயிலைக் கொழுந்த எடை போட்டாங்க அண்ணே. அவ மூச்ச யாரும் அளக்கல.”

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவள் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்தாள். அதிகாரியும் கையேந்தி வாங்கிச் சாப்பிட்டார்.

தைப்பொங்கல் கழிந்து பதில் வந்தது. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. புதுப் பெட்டி இல்லை. ஆனால் ஐந்தாவது வருசம் முடியும் வரை அறை திறந்திருக்கும். மிஸ் அதை முதலில் என்னிடம்தான் சொன்னார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? போய்க் கூட்டை இன்னொரு தடவை கழுவினேன். கழுவ வேண்டிய தேவை இருக்கவில்லை.

நான் வாங்கும் மாவில் வரி இருக்கிறது. சவர்க்காரத்தில் இருக்கிறது. தெரு கூட்டுகிறவள் வாங்கும் சீனியிலும் இருக்கிறது. அந்தக் காசுதான் சுற்றி வந்து அந்தக் கட்டிலும் பெட்டியும் ஆகியிருக்கிறது. யாரும் எங்களுக்குப் பிச்சை போடவில்லை. கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை. வரும்போது என் மனைவிக்கு உதவுமோ தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் நாங்களும் இருந்தோம். அது எனக்குப் பெருமை.

அன்று வேலை முடிந்து வரும்போது அடுத்த வீட்டுப் பெண் மார்க்கெட் பக்கம் தெரு கூட்டிக்கொண்டிருந்தாள். அறையைப் பூட்டமாட்டார்கள் என்று சொன்னேன். விளக்குமாற்றை நிறுத்தினாள்.

“அப்ப அடுத்த மார்கழியும் என்னைய பட்டினி போடுவீங்க.”

“போடுவோம்.”

“போடுங்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”