சம்பல் வாளியின் அடியைப் பார்த்த மிஸ்

வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சிவமலர் மிஸ் ஆராய்ந்து எழுதிய வயிற்றுளைவுக் கிருமி என் தோசைக்கடையில்தான் குடியிருந்தது. அவர் மாரடைப்பால் காலமான செய்தி வந்தபோதும் நான் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவரை அறிந்த உங்களுக்கு, ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதக்கூடியது இவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன், இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. அவர்களின் பிள்ளைகளுக்கு இரத்தமாக வயிற்றால் போகத் தொடங்கியது. பொதுக்கிணறுதான் காரணம் என்று ஊரே முடிவு கட்டியது. உரத்துச் சொன்னவர்களில் நானும் ஒருவன். வெள்ளிக்கிழமை கிணற்றை மூடுவதென்று பேச்சு. மூடினால் அந்தச் சனத்துக்கு வேறு தண்ணீர் இல்லை.

கிருமிகளைப் பற்றிப் படிப்பிக்கும் மிஸ் சைக்கிளில் வந்து இறங்கினார். கிணற்றில் தண்ணீர் எடுத்தார். பிறகு என் கடை வாங்குப் பலகையில் பின்னேரம் வரை உட்கார்ந்திருந்து, அந்தப் பிள்ளைகள் தோசை வாங்கிப்போவதைப் பார்த்தார்.

“அண்ணை, உந்தச் சம்பல் வாளி கடைசியா எப்ப வெறுமையாச்சுது?”

“அது வெறுமையாகாது மிஸ். குறையக் குறைய மேலாலை புதுச் சம்பல் போடுவன். எங்கடை கடையிலை சம்பல் இல்லையெண்டு ஒருநாளும் சொன்னதில்லை.” பெருமையோடுதான் சொன்னேன்.

“அப்ப அடியிலை கிடக்கிறது எந்த நாளைச் சம்பல்?”

நான் அகப்பையை அடிவரை விட்டு அள்ளி மிஸ்ஸிடம் நீட்டினேன்.

மின்சாரம் இல்லாத காலம். கிருமியை வளர்த்துப் பார்க்க உடம்புச் சூடு வேண்டுமாம். இறுக்கி மூடிய கண்ணாடிக் குழாய்களைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் திரிந்தார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் பிள்ளைகளிடம் எடுத்தது, மற்றதில் என் சம்பல்.

“கைக்குழந்தை மாதிரிச் சுமக்கிறியள், மிஸ்” என்று பகிடி விட்டேன்.

“உங்கடை வாளியிலை இருந்த வசதி இங்கை இல்லை, அண்ணை. கோவிச்சுக்கொண்டு செத்துப்போகுமோ எண்டு பயமாக் கிடக்கு.” முகத்தில் சிரிப்பே இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் சொன்னார்: “கிணறு சுத்தம். மூட வேண்டாம். பிள்ளையளின்ரை கிருமி ஒரு சாப்பாட்டுக்கடையிலை கிடக்கு.”

“எந்தக் கடை?” என்றார்கள். மிஸ் வாய் திறக்கவில்லை. நானே கையைத் தூக்கினேன்.

“கழுவின கையோ, அண்ணை?” என்றார். அடிக்க வந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

வாளி போனது. பிள்ளைகள் எழும்பி ஓடித் திரிந்தார்கள். மிஸ் எழுதிய கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தது. கடவுச்சீட்டு இல்லாத என் சம்பல் கடல் கடந்தது. குளிர்ப்பெட்டிகூட இல்லாமல் இங்கிருந்தே செய்த வேலை அது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். கட்டுரையில் ‘ஒரு கடை’ என்று மட்டும் எழுதி என் மானத்தைக் காத்ததையும் சொல்வேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது கை கழுவும் முறை. விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, அவசரப்படக் கூடாது. செத்தவீட்டிலும் பூப்போட முன் கிணற்றடியில் அப்படியே கழுவினேன். முடித்து வந்தபோது பிரேதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பூவைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் பின்னால் போனேன். சந்தியில் சங்கிலி கழன்றது. கழுவின கையால்தான் மாட்டினேன்.